ஜெர்மன் ஏ1 முதல் சி2 வரை: உங்களுக்கு வேண்டிய நிலையைக் கண்டுபிடித்து அடைவதற்கான முழு வழிகாட்டி

ஜெர்மன் மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். ஏ1 தொடக்கம், சி2 உச்சம். ஜெர்மன் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "பி2 முடிக்க எத்தனை மாசம் ஆகும்?" என்றுதான். பி2 எதற்கு என்று திருப்பிக் கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் இருக்காது. "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்பார்கள். ஏ1 போதுமானவர் பி2-க்குப் பணம் கட்டியிருப்பார். பி2 கட்டாயம் வேண்டியவர், யாரோ கொடுத்த வகுப்புச் சான்றிதழை நம்பி விசா தேதி வாங்கியிருப்பார்.

இந்த வழிகாட்டி இலக்கணம் சொல்லித் தராது. ஏ1, பி2 என்ற பெயர்கள் எதைக் குறிக்கின்றன, உங்களுக்கு எது வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், அங்கிருந்து எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் விடையைப் பயன்படுத்துகிறது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு நோட்டுப் புத்தகம், இணைய இணைப்பு, நேரம் பார்க்க ஒரு கடிகாரம், காலாவதி ஆகாத பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துத் தேதியையும் பெயரின் எழுத்துகளையும் பாருங்கள். தேர்வுச் சான்றிதழில் பெயர் அதில் உள்ளபடியே வர வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் ஊர்க்காரர்களுக்கு வரும் சிக்கல் தனி.

1. எந்த அலுவலகம் எந்த நிலையைக் கேட்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தத் தேர்வு, எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்ற எல்லாமே இந்த ஒரு விடையைப் பொறுத்தவை.

ஜெர்மனியில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழப் போகிறவர்களிடம் பொதுவாகக் கேட்பது ஏ1. துணைவர் ப்ளூ கார்டில், அதாவது உயர்திறன் வேலையாளர்களுக்கான குடியிருப்பு அனுமதியில், இருந்தால் அந்த ஏ1 சான்றிதழும் தேவையில்லை. ஐ.டி. வேலையில் இருப்பவர்களின் குடும்பங்கள் பல இதைத் தெரியாமலேயே தேர்வுக் கட்டணம் கட்டுகின்றன. மொழி தெரிந்து போவது நல்லதுதான். ஆனால் சான்றிதழுக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு விசா விதிகள் பொதுவாக பி1 எதிர்பார்க்கின்றன. பயிற்சி தரும் நிறுவனம் அதற்கு மேல் பி2 கேட்கலாம். இரண்டில் எது உயரமோ அதுதான் உங்கள் இலக்கு.

செவிலியர்களுக்குத் தொழில் அங்கீகாரம் முழுமையாகக் கிடைக்கப் பெரும்பாலும் பி2 வேண்டும். சில மாநிலங்களில் மருத்துவமனை மொழிக்கென்று தனித் தேர்வும் உண்டு. மருத்துவர்களுக்குப் பொதுமொழியில் பி2, அதற்கு மேல் சி1 தரத்தில் மருத்துவ மொழித் தேர்வு.

ஜெர்மன் வழியில் பல்கலைக்கழகப் படிப்பு என்றால் கணக்கு வேறு. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான டெஸ்ட்டாஃப் என்ற மொழித் தேர்வில் நான்கு பகுதியிலும் 4-ஆம் படி, அல்லது ஜெர்மனியின் கோதே இன்ஸ்டிடியூட் நடத்தும் சி2 தேர்வு, அல்லது டெல்க் அமைப்பின் சி1 ஹோக்‌ஷூலே போன்றவற்றைக் கேட்பார்கள். முதுகலைப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது என்றால் ஜெர்மன் சான்றிதழே கேட்காத துறைகளும் நிறைய.

2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள சான்சன்கார்ட்டே, அதாவது வேலை தேடிப் போவதற்கான அனுமதி, புள்ளி முறையில் கிடைப்பது. அதற்குள் நுழையவே ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் இருக்க வேண்டும். அப்புறம் ஜெர்மன் ஏ2-வுக்கு 1 புள்ளி, பி1-க்கு 2, பி2-க்கு 3. மொத்தம் 6 புள்ளி சேர வேண்டும் என்பதால், சிலருக்கு ஏ2-விலிருந்து பி1-க்கு ஏறுவதே தீர்மானிக்கும் விஷயமாகிவிடும்.

ப்ளூ கார்டு வைத்திருப்பவர்கள் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு ஏ1 இருந்தால் 27 மாதத்திலும், பி1 இருந்தால் 21 மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமைக்குப் பொதுவாக பி1.

இவற்றில் உங்களுக்குப் பொருந்துவதைத் தூதரகத்தின் பக்கத்திலோ, உங்களைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் கடிதத்திலோ ஒரு முறை சரிபார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். விதிகள் மாறும். ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸப் தகவலை ஆதாரமாக எடுக்காதீர்கள். அவர் விற்பது வகுப்பு என்றால், உயரமான நிலையைச் சொல்வதில் அவருக்கு லாபம் இருக்கிறது.

2. ஒவ்வொரு நிலையும் எதைக் கேட்கிறது என்று ஒரே சூழலில் வைத்துப் பாருங்கள்

இந்த ஆறு நிலைகளை வகுத்தது ஐரோப்பிய அவை. 2001-இல் வெளியிட்டார்கள், 2020-இல் விரிவாக்கினார்கள். அந்த ஆவணம் "இத்தனை பாடம் முடித்தவர்" என்று எங்கும் சொல்வதில்லை. "இவரால் இதைச் செய்ய முடியும்" என்ற வாக்கியங்களால் ஆனது அது. எந்த மொழிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அந்த வாக்கியங்கள் பொதுவாகவே இருக்கும். படித்தால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். அதனால் ஒரே சூழலை எடுத்து ஏற்றிப் பார்ப்பதுதான் எளிது. நான் எப்போதும் எடுப்பது டாக்டரிடம் போவது.

ஏ1: கிளினிக்கில் பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டி, பிறந்த தேதி சொல்லத் தெரியும். "செவ்வாய்க்கிழமை 10 மணி" என்று எதிரில் இருப்பவர் மெதுவாகச் சொன்னால் புரியும். படிவத்தில் முகவரி நிரப்ப முடியும். எதிராளி பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

ஏ2: எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லலாம். மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்பது புரியும். பேச்சு வழக்கமான தடத்தை விட்டு விலகினால் திணறும்.

பி1: தொலைபேசியில் அழைத்து, வேலைக்கு ஏன் வர முடியாது என்று காரணத்தோடு சொல்லலாம். என்ன நடந்தது என்பதை முன்பின் வரிசையில் விவரிக்கலாம். தவறுகள் இருக்கும், ஆனால் கேட்பவருக்குக் குழப்பம் வராது. துணைக்கு ஆள் இல்லாமல் அன்றாட வாழ்க்கையை ஓட்டக்கூடிய முதல் நிலை இது. குடியுரிமைக்கு பி1-ஐ வைத்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்.

பி2: இரண்டு சிகிச்சைகளில் எது ஏன் நல்லது என்று டாக்டரோடு வாதிக்கலாம். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் அதை எதிர்த்துக் கடிதம் எழுதலாம். ஜெர்மன்காரர் தன் வழக்கமான வேகத்திலேயே பேச, இரண்டு பக்கமும் சிரமமில்லாமல் உரையாடல் போகும். செவிலியர்களுக்கு இந்த நிலையைக் கேட்பதும் அதனால்தான். இரவுப் பணி முடிந்து நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

சி1: டாக்டர் நேரடியாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொன்னதும் புரியும். நீளமான மருத்துவ அறிக்கையைப் படித்து வீட்டில் உள்ளவர்களுக்குத் தெளிவாகச் சுருக்கிச் சொல்லலாம்.

சி2 பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. பல்கலைக்கழகம், மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி என்று போகிறவர்களுக்கு அது. பிறப்பால் ஜெர்மன் பேசுபவர் போல ஆக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

இதில் புதியவர்கள் தவறவிடுவது, நிலைகள் சம உயரம் கொண்டவை இல்லை என்பது. கோதே இன்ஸ்டிடியூட் சொல்லும் கணக்கில், 45 நிமிடப் பாடவேளைகளாக, தொடக்கத்திலிருந்து ஏ1-க்கு 80 முதல் 200 வரை, ஏ2-வுக்கு 200 முதல் 350, பி1-க்கு 350 முதல் 650, பி2-க்கு 600 முதல் 800, சி1-க்கு 800 முதல் 1000 வரை ஆகும். ஏ1-ஐ இரண்டு மாதத்தில் முடித்தவர் அதே கணக்கில் பி2-ஐ எட்டு மாதத்தில் எழுதப் பார்ப்பார். அந்தக் கணக்கு பி1-இலேயே உடையும்.

3. இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதைத் திறன்வாரியாக அளந்து பாருங்கள்

"நான் ஏ2 லெவல்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் நான்கு இடத்தில் நிற்கலாம். நம் ஊரில் படித்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே அமைப்புதான். படித்தல் ஒரு படி மேலே, எழுதுதல் நடுவில், கேட்டலும் பேசுதலும் கீழே. ஆங்கிலம் தெரிந்திருப்பதால் படிக்கும்போது பல சொற்களை ஊகித்துவிடுகிறோம். காதில் விழும்போது அந்த உதவி கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கோதே தளத்தில் ஒவ்வொரு நிலைக்கும் மாதிரித் தேர்வு இலவசமாகக் கிடைக்கும், ஒலிப்பதிவோடு. நீங்கள் இருப்பதாக நினைக்கும் நிலைக்கும் அதற்குக் கீழ் நிலைக்கும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் நிலையை முதலில் எழுதுங்கள். கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல், ஒலிப்பதிவை இடையில் நிறுத்தாமல்.

நிறுத்தாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிறுத்தி நிறுத்திக் கேட்டு வாங்கிய மதிப்பெண்ணை நம்பித் தேர்வுக்குப் பணம் கட்டுகிறவர்கள் அதிகம்.

எழுதுதலையும் பேசுதலையும் நீங்களே திருத்த முடியாது. எழுதியதை ஓர் ஆசிரியரிடம் கொடுங்கள். பேசியதைக் கைபேசியில் பதிவு செய்து அவரிடமே கொடுங்கள். கட்டணம் கேட்டாலும் ஒரு முறை கொடுத்துச் செய்யலாம். தவறான நிலையில் ஒரு கோர்ஸ் முழுவதும் உட்கார்ந்திருப்பதைவிட அது மலிவு.

நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தத் திறன், எந்த நிலை, நூற்றுக்கு எவ்வளவு. கைபேசிச் செயலி காட்டும் நிலையை இங்கே எழுத வேண்டாம். செயலி பார்ப்பது அதன் பாடத்தில் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதைத்தான். புதிதாக ஒருவரிடம் புதிதாக ஒன்றைச் சொல்ல முடியுமா என்று அது சோதிப்பது குறைவு.

முழுக்கப் புதியவர் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

4. வகுப்புச் சான்றிதழையும் தேர்வுச் சான்றிதழையும் பிரித்துப் பாருங்கள்

வகுப்பு முடிந்ததும் கிடைக்கும் காகிதம் நீங்கள் வந்து உட்கார்ந்ததைச் சொல்கிறது. விசாவுக்கு வேண்டியது தேர்வு எழுதித் தேறிய சான்றிதழ். அதுவும் யார் நடத்திய தேர்வு என்பதைப் பொறுத்தது. ஜெர்மன் தூதரகங்கள் பொதுவாக ஏற்பது கோதே, டெல்க், ஆஸ்திரியாவின் ஓ.எஸ்.டி., உயர் நிலையில் டெஸ்ட்டாஃப் போன்ற அங்கீகாரம் பெற்ற தேர்வுகளை. தெருமுனைப் பயிற்சி மையம் தன் பெயரில் அச்சடித்துத் தரும் "ஏ1 சர்டிஃபிகேட்" இந்தப் பட்டியலில் வராது. அந்த மையம் நன்றாகச் சொல்லித் தரலாம், அது வேறு. காகிதம் செல்லாது.

ஏ1.1, ஏ1.2, பி2.3 என்றெல்லாம் பார்ப்பீர்கள். அவை அந்தந்த நிறுவனம் தன் வகுப்புகளை வெட்டிக்கொண்ட முறை. ஓரிடத்தில் ஏ1 இரண்டு துண்டு, இன்னோரிடத்தில் மூன்று. அதனால் இடம் மாறும்போது புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணை நம்பிச் சேராமல், நிலைத்தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கோதே தேர்வு எழுத அங்கேயே படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே படித்தவர்களும், வீட்டில் தானாகப் படித்தவர்களும் எழுதலாம். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்குவது கோதே இன்ஸ்டிடியூட்தான். கோயம்புத்தூரில் கோதே சென்டர் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பில் கோதே இன்ஸ்டிடியூட்.

இன்னொன்று. பி1 எழுத ஏ1, ஏ2 சான்றிதழ்கள் இருக்க வேண்டும் என்று சிலர் நம்புகிறார்கள், சிலர் நம்ப வைக்கிறார்கள். தேவையில்லை. நேரடியாக பி1 எழுதலாம். உங்கள் விசாவுக்கு பி1 போதும் என்றால், இடையிலுள்ள இரண்டு தேர்வுக் கட்டணமும் மிச்சம். தன்னம்பிக்கைக்காக ஏ2 எழுதிப் பார்க்கிறேன் என்றால் தாராளமாக எழுதுங்கள், மாதிரித்தாளும் அதே வேலையைச் செய்யும்.

5. இலக்கு நிலையின் தேர்வு அமைப்பைப் படித்த பிறகே பாடம் தொடங்குங்கள்

தேர்வின் உருவம் தெரிந்தால் எதைப் பயிற்சி செய்வது என்பது தானாகத் தெரிந்துவிடும். இரண்டு நிலைகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அதிகம் பேர் எழுதுவது இவற்றைத்தான்.

ஏ1-இல் கேட்டல் சுமார் 20 நிமிடம், படித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் குழுவாகச் சுமார் 15. மொத்தம் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்டலாம். எழுதுதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சுமார் 30 சொல்லில் ஒரு சிறு செய்தி எழுத வேண்டும். இங்கே மதிப்பெண் போவது கேட்டலில், குறிப்பாக இரண்டாம் பகுதியில். ரயில் நிலையம், கடை அறிவிப்புகள் வரும், ஒரே ஒரு முறை.

அந்த அறிவிப்புகளில் நம்மவர்கள் விழும் இடங்கள் இரண்டு. ஒன்று எண்கள். ஜெர்மனில் 47-ஐ ஏழு முன்னால், நாற்பது பின்னால் என்ற வரிசையில் சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 74 ஆகிவிடும். முதல் வாரத்திலிருந்தே தினம் பத்து எண்களைக் கேட்டு எழுதிப் பழகுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது, பிரிந்து நிற்கும் வினைச்சொற்கள். "வியர் மாஹன் உம் ஆஹ்ட் ஊர் ஔஃப்" என்றால் எட்டு மணிக்குக் கடை திறக்கிறது. கடைசியில் "ஔஃப்" இருந்த இடத்தில் "ட்சூ" வந்தால் அதே எட்டு மணிக்குக் கடை மூடுகிறது. எண்ணைப் பிடித்த மகிழ்ச்சியில் கடைசி அசையை விட்டுவிடுவார்கள். வாக்கியம் முடியும்வரை காதைத் திறந்து வைப்பது தமிழருக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது. நம் மொழியிலும் வருகிறானா வரவில்லையா என்பது கடைசியில்தான் தெரியும். ஆனாலும் ஆங்கிலப் பழக்கம் நடுவிலேயே முடிவெடுக்க வைக்கிறது.

பி1 வேறு மாதிரி. நான்கு திறனும் நான்கு தனி மாட்யூல், ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். படித்தலில் 95 எடுத்திருந்தாலும் பேசுதலில் 55 என்றால் பேசுதல் போச்சு. ஈடுகட்டுதல் கிடையாது. நல்ல பக்கமும் உண்டு: போனதை மட்டும் மறுபடி எழுதலாம். பி2-வும் இதே முறைதான்.

பி1 படித்தல் 65 நிமிடம், கேட்டல் 40, எழுதுதல் 60, பேசுதல் இருவராகச் சுமார் 15. கேட்டலில் முதல் பகுதியும் நான்காம் பகுதியும் இரண்டு முறை ஒலிக்கும், நடுவில் உள்ள இரண்டும் ஒரே முறை. எழுதுதலில் மூன்று வேலை: நண்பருக்கு மின்னஞ்சல், ஒரு கருத்து, மரியாதையான சிறு கடிதம். முதல் இரண்டும் சுமார் 80 சொல், மூன்றாவது 40. முதலாவதை நன்றாக எழுத ஆசைப்பட்டு அரை மணி செலவழித்து, மூன்றாவதை எழுதாமலே வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 20, 25, 15 என்று நிமிடங்களைப் பிரித்து வீட்டிலேயே பழகுங்கள்.

பேசுதலில் இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும், அப்புறம் ஒரு தலைப்பைப் பற்றிச் சற்று நேரம் பேச வேண்டும், கடைசியில் கேள்வி, பதில். திட்டமிடும் பகுதியில் கூட இருப்பவர் பேச விட்டுவிட்டு "யா, யா" என்று தலையாட்டினால் மதிப்பெண் வராது. மறுத்துப் பேச வேண்டும், மாற்று யோசனை சொல்ல வேண்டும். மரியாதை கருதி ஒத்துப்போகும் நம் வழக்கம் இங்கே எதிராக வேலை செய்கிறது.

சொற்களைப் பொறுத்தவரை கோதே வெளியிடும் பட்டியல்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஏ1-க்குச் சுமார் 650, ஏ2-வுக்குச் சுமார் 1300, பி1-க்குச் சுமார் 2400. அந்த வரிசை பி1-ஓடு நிற்கிறது.

6. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இப்போது இலக்கு தெரியும், தூரம் தெரியும், தேர்வின் உருவமும் தெரியும். நாட்காட்டியை இப்போதுதான் எடுக்க வேண்டும். முதலிலேயே எடுப்பவர்கள் ஆசையைத் தேதியாக எழுதிவிடுகிறார்கள்.

சான்றிதழ் கையில் இருக்க வேண்டிய நாளை முதலில் குறியுங்கள். அதற்கு முன் முடிவு வருவதற்கான வாரங்கள். அதற்கும் முன் ஒரு மாட்யூலாவது போய், மறுபடி எழுத வேண்டி வந்தால் அதற்கான இடைவெளி. அதற்கும் முன்னால்தான் முதல் தேர்வுத் தேதி. தேர்வு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறக்கும் நாளையே குறித்து வைத்திருக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் வாரங்களோடு மேலே சொன்ன பாடவேளைக் கணக்கை ஒப்பிடுங்கள். வாரத்துக்கு 10 பாடவேளை படிக்கும் ஒருவருக்கு, தொடக்கத்திலிருந்து பி1-க்கு 35 முதல் 65 வாரங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் நீளமான பக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதத்தில் பி2 என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 26 வாரத்தில் 600 பாடவேளை என்றால் வாரத்துக்கு 23-க்கு மேல், வீட்டுப்பாடம் தனி. வேறு வேலை இல்லாதவரால் முடியும். மாலை வகுப்புக்கு வருகிறவரால் முடியாது.

வார நேரத்தை நான்கு திறனுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டாம். மூன்றாம் படியில் எழுதிய நான்கு வரியை எடுத்து, மிகக் கீழே இருப்பதற்கு மிக அதிக நேரம் கொடுங்கள். கேட்டல் தினம் வேண்டும், கால் மணி போதும். எழுதுதல் வாரம் ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் யாராவது திருத்த வேண்டும், திருத்தியதை நீங்கள் மறுபடி எழுத வேண்டும். பேசுதலுக்குத் துணை வேண்டும். வகுப்பில் ஒருவரைப் பிடித்து இப்போதே பேச்சுக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள்.

7. பி1-க்கும் பி2-க்கும் நடுவில் படிக்கும் முறையை மாற்றுங்கள்

அதிகம் பேர் நின்றுபோகும் இடம் இது. பி1 வரை பாடப்புத்தகமும் சொல் பட்டியலும் கைப்பிடித்து அழைத்துப் போகும். அங்கிருந்து அதே முறையில் இன்னும் கடினமாகப் படித்தால் பி2 வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. பி2 கேட்பது கருத்து: ஒரு விஷயத்தின் இரண்டு பக்கமும் சொல்லி, உங்கள் பக்கத்துக்குக் காரணம் கூறுவது. எழுதுதலில் சுமார் 150 சொல்லில் ஒரு கருத்துரையும், சுமார் 100 சொல்லில் அலுவலகத் தகவல் ஒன்றும் எழுத வேண்டும். பேசுதலில் ஒரு சிறு உரை, பிறகு விவாதம்.

இதில் மொழிச் சிக்கல் பாதிதான். வாடகை உயர்வு, வீட்டிலிருந்து வேலை, பிளாஸ்டிக் தடை போன்றவற்றைப் பற்றித் தமிழிலேயே ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் தடுமாறுகிறவர், ஜெர்மனில் எப்படிப் பேசுவார்? அதனால் நான் சொல்லும் பயிற்சி: ஒரு தலைப்பை எடுத்து முதலில் தமிழில் நான்கு காரணம் எழுதுங்கள், சாதகம் இரண்டு, பாதகம் இரண்டு. அப்புறம் அதை ஜெர்மனில் உங்களுக்குத் தெரிந்த எளிய வாக்கியங்களில் சொல்லுங்கள். கடைசியாக வாக்கியங்களை "ஏனென்றால்", "இருந்தாலும்", "ஒரு பக்கம், மறு பக்கம்" போன்றவற்றின் ஜெர்மன் இணைப்புச் சொற்களால் கோத்துப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் இணைப்புச் சொற்கள் மட்டும் அழகாக நிற்கும், உள்ளே சரக்கு இருக்காது.

கேட்டலுக்கு டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசித்துத் தரும் செய்திகள் நல்ல தொடக்கம். மெதுவான ஒலிப்பதிவிலேயே தங்கிவிடாமல், சில வாரங்களில் வழக்கமான வேகத்துக்கு மாறிவிடுங்கள்.

8. தேர்வு நாளில் கவனிக்க வேண்டியவை

பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள், நகல் போதாது. கைபேசியை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள். காகிதத் தேர்வில் விடைத்தாளில் குறித்ததுதான் மதிப்பெண்ணுக்கு, வினாத்தாளில் சரியாக எழுதியிருந்தாலும் பயனில்லை. படித்தல் நேரத்தில் விடைத்தாளுக்கு மாற்றி எழுதும் நிமிடங்களும் அடக்கம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கேட்டலில் ஒன்று தவறிவிட்டால் ஊகித்துக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். தவறியதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டும் சேர்ந்து போகும்.

9. பிரெஞ்சு, ஜப்பானியம் படிப்பவர்களுக்கு

மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும், எண்கள் மட்டும் மாறும். பிரெஞ்சின் டெல்ஃப் தேர்வும் இதே ஏ1 முதல் பி2 வரைதான், ஆனால் நூற்றுக்கு 50 தேர்ச்சி, ஒவ்வொரு பகுதியிலும் 25-க்குக் குறைந்தது 5. ஜப்பானிய ஜே.எல்.பி.டி. வேறு குடும்பம். என்5-இல் தொடங்கி என்1 வரை போகும், எண் குறையக் குறைய நிலை உயரும், பேசுதல் பகுதியும் எழுதுதல் பகுதியும் கிடையாது. என்3 வாங்கியவர் பி1 அளவுக்குப் பேசுவார் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

10. சான்றிதழ் வந்த பிறகு

கோதே சான்றிதழுக்குக் காலாவதித் தேதி இல்லை. ஆனால் வாங்குகிற அலுவலகம் "சமீபத்தியது வேண்டும்" என்று சொல்லலாம். அதனால் இரண்டு ஆண்டு கழித்துப் போகப் போகிற ஒருவர் இன்றைக்கே ஏ1 எழுதி வைப்பதில் பயன் குறைவு. பி1, பி2 மாட்யூல்களை வெவ்வேறு நாளில் தேறியிருந்தால், தனித்தனிச் சான்றிதழ்களாகக் கொடுத்தால் ஏற்பார்களா, அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று விண்ணப்பிக்கும் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமியுங்கள்.

முடிவு வந்த மறுநாளே படிப்பை நிறுத்திவிடாதீர்கள். விசா வர மாதங்கள் ஆகும், பேசாமல் இருந்தால் முதலில் மங்குவது பேச்சுதான். நிறுவனத்தின் நேர்காணல் அந்த இடைவெளியில்தான் வரும், சான்றிதழை அனுப்பியிருந்தாலும் அவர்கள் ஜெர்மனில்தான் தொடங்குவார்கள். பேச்சுக் கூட்டாளியோடு வாரம் இரண்டு முறை அரை மணியாவது தொடருங்கள்.